அடிக்கு அரண்

மதுரை மாநகருக்கு மேற்கே கீழக்குயில்குடி என்னும் சிற்றூர் உள்ளது. ஊரை அடுத்துத் தாமரைக் குளம். குளக்கரையில் விழுதூன்றிய ஆலமரம். அதன் அருகே அய்யனார் கோயில். கோயிலுக்குப் பின்னே பாறைப் பெருக்காய் எழுந்து நிற்கிறது சமணர் மலை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர் அங்கே தங்கினர். தீர்த்தங்கரர் உருவங்கள் அப்பாறையில் செதுக்கப்பட்டன. அவ்வுருவங்களைக் காண விடுமுறை நாள்களில் இன்றும் மக்கள் மலையேறுகின்றனர். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010 ஆம் ஆண்டில் தொடங்கிய 'பசுமை நடை' என்னும் அமைப்பு, சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டி போன்ற குன்றுகளுக்கு ஊர்மக்களைக் கூட்டமாக அழைத்துச் சென்று பழமையைக் காட்டி வருகிறது. முதியோரும் மகளிரும் சிறுவரும் அக்கூட்டத்தில் உண்டு.

மலையடிவாரத்தில் சற்று நேரம் நின்று, ஏறுவோரின் முகங்களைப் பாராமல் கால்களை மட்டும் பார்ப்பவர்க்குப் பல செய்திகள் புலப்படும். ஒருவர் காலில் முதல் நாள் வாங்கிய வெண்ணிறக் காலணி பளபளக்கிறது; அதில் தூசி படியாதபடி அவர் ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார். மற்றொருவர் வீட்டிலும் குளியலறையிலும் போட்டுப் போட்டு அடி தேய்ந்த ரப்பர் செருப்புடன் வந்திருக்கிறார். குதி உயர்ந்த மிதியடி அணிந்த பெண்மணி பத்தாவது படியிலேயே அதைக் கழற்றிக் கையில் பிடித்துக் கொள்கிறார். பனிமலைக்குப் போகிறவரைப் போலக் கணுக்கால் மூடிய கனத்த பூட்சு அணிந்த இளைஞர், பாதி வழியில் வியர்த்து அமர்ந்து விடுகிறார். இவர்களுக்கு இடையே ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர், வண்டிச் சக்கரத்தின் பழைய டயரை அறுத்துச் செய்த செருப்புடன், கோலைத் தட்டிக்கொண்டு, யாரையும் பாராமல் ஏறிப் போகிறார்.

இவர்களுள் கடைக்குப் போய்க் காலணி தேர்ந்தவர் பலர். மண்ணைப் பார்த்துத் தேர்ந்தவர் அந்த முதியவர் ஒருவரே. வெளியூர் நடைக்கும் மலையேற்றத்திற்கும் காலணி வாங்குவோர் விலையையும் நிறத்தையும் பெயரையும் முதலிற் கேட்கின்றனர். நடக்கப் போகும் நிலம் எது, அந்நிலத்தின் வெயில் எத்தகையது, தம் கால் எத்தகையது என்னும் மூன்றும் கடைசியில்தான் நினைவுக்கு வருகின்றன. சிலருக்குக் கால் புண்ணான பிறகே நினைவுக்கு வருகின்றன. இம்முறை தலைகீழாக மாற வேண்டும்.

மதுரையைச் சூழ்ந்த நிலம் ஒரே தன்மையது அன்று. வடக்கிலும் கிழக்கிலும் செம்மண்ணும் சரளையும் கலந்த மேடுகள். இடையிடையே வழுவழுப்பான கருங்கல் குன்றுகள். தெற்கே திருமங்கலம் கடந்து கல்லுப்பட்டி செல்லும் வழியில் கரிசல் நிலம் விரிகிறது. கோடையில் அது வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் கால் சிக்கினால் கணுக்கால் பிசகும். மழை பெய்துவிட்டாலோ அதே மண் களியாய்க் குழைந்து செருப்பில் ஒட்டும். பத்து அடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலும் ஒரு படி கனத்துவிடும். உழவர் அப்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுங்காலுடன் நடப்பது அறியாமையால் அன்று. நடுவே ஓடும் வையை பல மாதங்கள் மணலாகவே கிடக்கிறது. மணலில் மூடிய காலணி பயன்படாது. உள்ளே புகுந்த மணல் தோலை அராவிவிடும்.

எங்கும் பொதுவாக இருப்பது முள். கருவேல முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் விரல் நீளம் வளரக்கூடியவை; காய்ந்த பின் ஆணிக்கு ஒப்பானவை. மெல்லிய ரப்பர் செருப்பின் அடியை அவை ஊடுருவி உள்ளங்காலைத் தொட்டுவிடும். தரையோடு தரையாய்ப் படரும் நெருஞ்சி மஞ்சட் பூவால் கண்ணைக் கவர்ந்து, காயால் காலைக் குத்தும். முள்ளைப் போலவே அஞ்சத்தக்கது, பாறை இடுக்கிலும் காய்ந்த சருகிலும் நிறம் தெரியாமல் கிடக்கும் சுருட்டைவிரியன் பாம்பு. பாம்புக் கடிகளில் மிகுதியானவை பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியுமே நேர்கின்றன. பொழுது சாய்ந்த பின் இறங்குகிறவருக்கு விரல்களை மூடிய காலணியும் கையில் ஒரு விளக்கும் வேண்டும் என்பது இதனால்தான்.

வழிநடையின் துன்பத்தைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். மதுரைக்கு நடந்து வந்தவர்களுள் கண்ணகியைப் போல் நினைக்கப்படுபவர் வேறு எவரும் இலர். உறையூரைக் கடந்து வரும் வழியில் மாங்காட்டு மறையவன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் அவற்றின் இடர்களையும் கோவலனுக்கு எடுத்துரைப்பதைச் சிலப்பதிகாரம் விரிவாகக் கூறுகிறது. வெயிலில் நடந்த வருத்தத்தால் கண்ணகியின் சிறிய அடிகள் சிவந்ததை இளங்கோவடிகள் மறவாமல் குறிக்கிறார். கோடை வெம்மையை அவள் தாங்கமாட்டாள் என்று கருதிப் பகலில் தங்கி, நிலவு எழுந்த பின் இரவில் நடந்தனர். நடக்கும் காலத்தைத் தேர்வதும் அடியைக் காக்கும் வழிகளுள் ஒன்று என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டா.

காலணியின் பெயர்களும் சங்க நூல்களில் உள்ளன. 'தொடுதோல்' என்பது ஒரு பெயர். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயன் அதை அணிந்து அணிந்து தழும்பேறிய வலிய அடியை உடையவன். அதே நூலில், மலைப்பொருளும் கடற்பொருளும் கொண்டு நெடுவழி செல்லும் வணிகர் அணிந்தது 'அடிபுதை அரணம்' எனப்படுகிறது. அடியைப் புதைத்துக் காக்கும் அரண் என்பது அதன் பொருள். கோட்டைக்கு வழங்கும் சொல்லைச் செருப்புக்கு வழங்கிய புலவர், முள்வழியை நன்கு அறிந்தவராகவே இருத்தல் வேண்டும். மதுரைக்கு வடகிழக்கே அழகர்மலைக் குகைத்தளத்தில் உள்ள தமிழிக் கல்வெட்டுகள், உப்பு வணிகர், துணி வணிகர் முதலியோரின் கொடையைக் கூறுகின்றன. அத்தகைய வணிகர் நடந்த வழிகளிலேயே இன்றைய இளைஞர் பொழுதுபோக்காக நடக்கின்றனர். தொடுதோல் அணிந்தவர் எல்லாரும் நல்லவர் என்றும் எண்ண வேண்டா. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், நூலேணியும் வாளுமாய் மதுரைத் தெருக்களில் நள்ளிரவில் திரியும் கள்வரும் தொடுதோல் அணிந்தே வருகின்றனர். மதில் ஏறும் தொழிலுக்கும் உறுதியான மிதியடி வேண்டியிருந்தது போலும்!

டயர்ச் செருப்பைக் கண்டு நகைப்போர் இத்தாலி நாட்டில் நிகழ்ந்த ஒன்றை அறிதல் நன்று. 1935 ஆம் ஆண்டில் விட்டாலே பிரமானி என்னும் மலையேறி தம் தோழர் பலருடன் ஆல்ப்சு மலையின் புந்தா ராசிக்கா என்னும் சிகரத்திற்குச் சென்றார். பாறையில் ஏறுவதற்கென மெல்லிய காலணிகளை அணிந்திருந்த அக்கூட்டத்தைப் பனிப்புயல் வளைத்துக்கொண்டது. கனத்த பூட்சுகள் கீழே இருந்தன. உறைந்த பாறையில் அந்த மெல்லிய காலணிகள் பற்றவில்லை, குளிரையும் தடுக்கவில்லை. ஆறு பேர் மாண்டனர். பிழைத்து வந்த பிரமானி, பாறையிலும் பனியிலும் ஒருங்கே பற்றக்கூடிய அடிப்பாகம் ஒன்றைச் செய்ய முனைந்தார். அவருக்குத் துணை நின்றது பிரெல்லி என்னும் டயர் நிறுவனம். 1937 ஆம் ஆண்டில், ஆழமான பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடிப்பாகம் உருவாயிற்று. அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'விப்ரம்' எனப் பெயர் பெற்ற அந்த அடிப்பாகம் இன்று உலகெங்கும் மலையேறிகளின் காலில் இருக்கிறது. மேலை நாட்டு அறிவியல் ஆறு உயிர்களை இழந்த பின் டயரின் ரப்பரை நாடிச் சென்றது. மதுரைப் பக்கத்து வண்டிக்காரர் முள்ளுக்கு அஞ்சி அதே டயரை அறுத்து வார் கோத்துக்கொண்டார். இரண்டிலும் உள்ள அறிவு ஒன்றே: தரையைப் பற்றுவது எதுவோ அதுவே அடிக்கு உரியது.

எனினும் டயர்ச் செருப்பே எல்லார்க்கும் ஏற்றது என்று கூறினால் அதுவும் பேதைமையாகும். அது கனமானது, வளையாதது, பழகாத காலை அறுக்கும். முதியவரின் கால் ஐம்பது ஆண்டுகள் அதனோடு பழகிய கால். நகரத்து மாணவர் ஒருவர் அதை வாங்கி மாட்டிக்கொண்டு மறுநாளே யானைமலை ஏறினால், கீழே இறங்கும்போது இருவர் தாங்க வேண்டியிருக்கும். பழக்கமே காலணியின் பாதி. புதுக்காலணியோடு நெடும்பயணம் தொடங்குவதைப் போன்ற தவறு வேறு இல்லை. வீட்டில் ஒரு மணி நேரம், தெருவில் ஒரு மணி நேரம், பின்பு வைகைக் கரையோரம் ஒரு காலைப்பொழுது எனச் சிறிது சிறிதாக அணிந்து பழகிய பின்பே மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

1960 ஆம் ஆண்டில் உரோமை நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், எத்தியோப்பிய நாட்டு வீரர் அபபே பிக்கிலா, 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலுடன் ஓடி வென்றார். உலகம் வியந்தது. வெறுங்காலே சிறந்தது என்று சிலர் அன்றே பேசத் தொடங்கினர், இன்றும் பேசுகின்றனர். ஆனால் நடந்தது வேறு. போட்டிக்கெனக் கிடைத்த காலணி அவர் காலுக்குப் பொருந்தவில்லை. பயிற்சியில் வெறுங்காலுடன் ஓடிப் பழகியிருந்த அவர், பொருந்தாத காலணியைவிட வெறுங்காலே மேல் எனத் துணிந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து 1964 இல் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து ஓடினார். முன்னினும் விரைவாக ஓடி மீண்டும் வென்றார். அவர் காலணியை வெறுத்தவர் அல்லர், பொருந்தாமையை வெறுத்தவர்.

பொருந்துகிறதா என்று காண்பது எப்படி? கால் நாள் முழுதும் ஓர் அளவில் இருப்பதில்லை. நடக்க நடக்க அது சற்று வீங்கும். வெயிலில் இன்னும் வீங்கும். ஆதலால் காலையில் அளவெடுத்து வாங்கிய காலணி மாலையில் நெரிக்கும். மாலையில் சென்று, பயணத்தில் அணியப்போகும் காலுறையோடு, உட்கார்ந்தபடி அன்றி எழுந்து நின்று அளவு பார்க்க வேண்டும். இரு கால்களும் சமமாக இருப்பவர் குறைவு. பெரிய காலுக்கே காலணி தேர வேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழக் கட்டைவிரல் அகல இடம் இருத்தல் நலம். ஏறும்போது இதன் அருமை தெரியாது; இறங்கும்போதுதான் தெரியும். சரிவில் உடல் எடை முழுதும் முன்னே தள்ள, விரல் நுனிகள் காலணியின் மூக்கில் இடித்து இடித்து நகங்கள் கறுத்துப் போகும். அழகர்மலையில் நூபுர கங்கை வரை ஏறி இறங்கியவர்களுள் மறுநாள் நகத்தை நோகிறவர் இதை மறவார். குதிகால் மட்டும் உள்ளே எழும்பி ஆடக் கூடாது. ஆடினால் உராயும்; உராய்ந்த இடம் முதலில் சூடாகும்; அச்சூட்டைப் பொருட்படுத்தாமல் நடந்தால் கொப்புளம் எழும். சூடு தோன்றிய அப்பொழுதே நின்று, கழற்றி, அவ்விடத்தில் ஒட்டுத்துணி ஒட்டிக்கொள்ள வேண்டும். இதற்குச் செலவாவது இரண்டு நிமிடம். நிற்பதற்கு நாணி நடக்கிறவர் இரண்டு வாரம் நொண்டுவார்.

காலின் சூடும் நோவும் இவ்வாறு எச்சரிக்கை செய்வதால்தான் மனிதர் தம் கால்களைக் காத்துக்கொள்கின்றனர். அந்த எச்சரிக்கை நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் இருந்தே உலகுக்குக் காட்டியவர் மருத்துவர் பால் பிராண்ட். அவர் 1914 ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலச் சமயத் தொண்டர். மலைச்சிறுவரோடு ஆடி வளர்ந்த அவர், இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்று, 1946 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று உலகம் அன்று நம்பியது. அவர் பொறுமையாக ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார். நோய் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்குகிறது. உணர்ச்சி இல்லாத காலில் முள் தைத்தாலும், ஆணி ஏறினாலும், செருப்பின் வார் அறுத்தாலும் நோயாளி அறிவதில்லை. அறியாமல் அதன் மேலேயே நடக்கிறார். காலைக் குலைப்பது பெரும்பாலும் அந்த நடையே. எனவே அறுவை மருத்துவத்தோடு செருப்புத் தைக்கும் கலையையும் அவர் கருத்தோடு பயின்றார். மிருதுவான நுண்துளை ரப்பரை உள்ளே இட்டு, அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பாதம் முழுதும் பரவும்படி செருப்புகள் செய்யப்பட்டன. புண் ஆறிய கால்கள் அச்செருப்பால் புண்படாமல் நின்றன. மருந்து செய்ய முடியாததைச் செருப்பு செய்தது.

அத்தகைய செருப்பு இன்று நீரிழிவு நோயாளருக்கும் பயன்படுகிறது. நெடுநாள் நீரிழிவு பலருக்குப் பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்துவிடுகிறது. இதை எண்ணும்போதுதான் மதுரையின் வெறுங்கால் நடைகள் கவலை தருகின்றன. தைப்பூசத்தை முன்னிட்டு மதுரையிலிருந்து பழனிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து செல்வோர் பல்லாயிரவர். சித்திரைத் திருவிழாவில் அழகர்கோயிலிலிருந்து 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குக் கள்ளழகர் எழுந்தருளும்போது, சீர்பாதந்தாங்கிகளோடு பெருங்கூட்டம் உடன் வருகிறது. அவர்களுள் பலர் நேர்த்திக்கடனாகச் செருப்பை விடுத்தவர்கள். மண்சாலையாக இருந்த வழி இன்று தார்ச்சாலை. சித்திரை வெயில் 40 பாகைச் செல்சியசைத் தொடும் நாளில், தாரும் கருங்கல்லும் அதைவிட மிகுதியாகக் கொதிக்கும். உணர்ச்சியுள்ள கால் துள்ளி விலகும், நிழலைத் தேடும். உணர்ச்சி குன்றிய கால் அங்கேயே நிற்கும். வீடு திரும்பிக் கால் கழுவும்போதே தோல் உரிந்திருப்பது தெரியும். அத்தகைய புண் ஆறாமல் விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலை வருவதை மருத்துவர் அறிவர்.

நேர்த்திக்கடனைக் குறை கூறுவதற்கில்லை. தம் உடலை வருத்தி இறைவனை நினைப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்நேர்த்தி செய்பவர், தாம் படும் வருத்தத்தை உணரும் காலை உடையவராக இருத்தல் வேண்டுமன்றோ? உணராத காலுக்கு வருத்தமும் இல்லை, தவமும் இல்லை, புண் மட்டுமே உண்டு. நீரிழிவு உள்ள தாய் தந்தையரை வெறுங்காலுடன் நடைப்பயணம் அனுப்பும் மக்கள், முதலில் ஒரு மருத்துவரிடம் அவர்தம் பாதத்தைக் காட்டுதல் கடமை. கோயில்கள் பலவற்றில் வெயிற்காலத்தில் தென்னை நார் விரிப்பு இடுகின்றனர். அது போன்ற ஏற்பாட்டை நடைவழிகளிலும் தங்குமிடங்களிலும் பெருக்கலாம். மலையேறுவோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மதுரைக் குன்றுகள் பலவற்றில் கோயிலோ குகையோ உள்ளது. அங்கே காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும். பத்துத் துளைகளில் கயிறு கோத்து இறுக்கும் காலணியை விட, எளிதில் கழற்றி மாட்டக்கூடியதே இந்நிலத்துக்கு ஏற்றது. நண்பகலுக்கு முன் இறங்கிவிடுவதும் வேண்டும்; கழற்றிய கால் சுடுபாறையில் நிற்க நேருமன்றோ?

வெறுங்காலுக்கு வேறொரு கேடும் உண்டு. கொக்கிப்புழுவின் நுண்ணிய இளம்புழுக்கள் ஈரமண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உடலுட் புகும். குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். தோட்டத்திலும் வயலிலும் வெறுங்காலுடன் திரியும் பிள்ளைகள் வெளிறிச் சோர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். எளிய ரப்பர் செருப்புக்கூட இப்புழுவின் வழியை அடைக்க உதவும்.

காலணியைத் தேர்வது பற்றிப் பேசும்போது, தேரவே விடப்படாதவர்களைப் பற்றிப் பேசாமல் விடுவது முறையன்று. மாட்டின் தோலை உரித்து, பதப்படுத்தி, வெட்டி, தைத்து, பிறர் காலுக்கு அரண் செய்து தந்த மக்கள், ஊர்த்தெரு வழியே தாம் செய்த செருப்பை அணிந்து நடக்கக் கூடாது என்று இந்நாட்டில் தடுக்கப்பட்டனர். தெருமுனை வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். முள்ளும் வெயிலும் அவர்களுக்கு மட்டும் இல்லை போலும்! 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைக் கைக்கொள்வது தண்டனைக்குரிய குற்றம் என்றது. ஆயினும் 2013 ஆம் ஆண்டில், மதுரை மாவட்டச் சிற்றூர் ஒன்றில், செருப்பணிந்து தெருவில் சென்ற பள்ளிச் சிறுவன் ஒருவன் அச்செருப்பைத் தலைமேல் சுமந்து நடக்குமாறு செய்யப்பட்ட செய்தி வெளியாயிற்று. காலணி என்பது சிலருக்கு அழகு, சிலருக்கு வசதி, அச்சிறுவனுக்கு அது உரிமை. மலையேற்றத்திற்கு எந்தக் காலணி சிறந்தது என்று விலைப்பட்டியலைப் புரட்டுகிறவர் இதை ஒரு முறையேனும் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, பட்டியலைப் புரட்டுகிறவரிடமே திரும்பலாம். அயல்நாட்டுப் படங்களைப் பார்த்து, நீர் புகாத கனத்த பூட்சு வாங்குவதில் இளைஞர்க்கு ஆசை மிகுதி. நீர் புகாத காலணியில் வியர்வையும் எளிதில் வெளியேறாது. பனி நாட்டில் அது நன்மை. மதுரை வெயிலில் அது காலை வேகவைக்கும். ஊறி மென்மையான தோலில் கொப்புளம் விரைவில் எழும். பஞ்சு நூற் காலுறையும் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளியோ, வியர்வையை விரைவில் உலர்த்தும் செயற்கை நூலோ மேலானது. பழனி மலைச் சரிவுகளிலும் கொடைக்கானல் காடுகளிலும் மழைக்காலத்தில் நடப்பவர்க்குக் கணுக்கால் மூடிய காலணி வேண்டும். அட்டை கடிக்கும், நிலம் வழுக்கும். மதுரைச் சமவெளிக்கும் அதன் குன்றுகளுக்கும் அது வேண்டா. காற்றுப் புகும் துணியால் ஆன, அடிப்பாகம் தடித்துப் பள்ளங்கள் வெட்டிய இலேசான காலணி போதும். பகல் நடைக்கு, குதிகாலைப் பின்வாரால் பற்றும் உறுதியான செருப்பும் போதும். பின்வார் இல்லாத செருப்பைக் கால்விரல்கள் இறுக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும். பாறைச் சரிவில் அது காலை விட்டு முன்னே ஓடிவிடும், கால் பின்னே வரும்.

விலை மிகுந்த காலணியைப் பெட்டியில் வைத்துப் போற்றுகிறவர்க்கு ஓர் எச்சரிக்கை. சிலவகைக் காலணிகளின் நடு அடுக்கில் உள்ள மெத்தைப் பொருள், நம் நாட்டு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும், அணியாமல் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் சிதைந்து பொடியாகும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். மலையின் பாதியில் அடிப்பாகம் முழுதும் கழன்று வாயைப் பிளக்கும்போதுதான் உண்மை தெரியும். எடுத்து அணிவதற்கு முன் கையால் வளைத்தும் அழுத்தியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர் ஒருவர் மதுரையின் தெருவோரங்களில் குடைநிழலில் அமர்ந்திருக்கிறார். தேய்ந்த செருப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததும், அதை அணிந்தவர் குதிகாலின் வெளிப்புறம் சாய்த்து நடப்பவரா, முன்காலை இழுத்து நடப்பவரா என்று அவர் கூறிவிடுவார். எந்த வார் அடுத்து அறும் என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தருவது சில ரூபாய். அதிலும் பேரம் பேசுவார் உளர். சதுரகிரிக்கோ சிறுமலைக்கோ புறப்படுவோர், புறப்படுவதற்கு முதல் நாள் மாலை தம் பழகிய காலணியை அவரிடம் கொண்டு சென்றால், ஊசியில் மெழுகு நூலைக் கோத்து, வாரின் அடியில் இரண்டு தையல் கூடுதலாகப் போட்டு, தையல் நிற்கிறதா என்று தம் பெருவிரலால் ஒரு முறை இழுத்துப் பார்த்த பிறகே திருப்பித் தருவார்.